பன்றி வேட்டையும் பத்தி நெறியும்

வேட்டை கொலைத் தொழிலாயிற்றே. அதனைத் திருக்குடமுழுக்கு மலரில் பேசுதல் தகுமோ என அன்பர் சிலர் ஐயுறலாம். ஆயின், அன்பிற்கு எல்லையாகப் போற்றப்பெறும் கண்ணப்பரைக் காளத்திநாதன் திருமுன்பு கொண்டு சேர்த்தது ஒரு காட்டுப்பன்றியே அன்றோ! அவ்வேட்டையின் இயல்பை அறிதல் அவர்தம் அன்பின் இயல்பை அறிதற்குத் துணையாம்.

காட்டுப்பன்றி வில்லுக்கு எளிதில் அடங்கும் விலங்கன்று. முதிர்ந்த ஆண்பன்றி நூறு கிலோவிற்கு மேலும் எடை கொள்வது. அதன் தோட்புறத்தே தடித்த தோல் கேடயம்போல் அமைந்துள்ளது. ஆங்குத் தைத்த அம்பு உட்செல்லாது நின்றுவிடுதலும் உண்டு. நெஞ்சும் நுரையீரலும் முன்காலை அடுத்துத் தாழ்ந்து கிடத்தலின், பன்றி பக்கங்காட்டி நிற்குமளவும் பொறுத்திருந்து, முன்காலின் பின்னே தாழ எய்தல் வேண்டும். மோப்பம் மிக்கதாதலின், காற்று எதிர்வரும் திசையிலேயே அதனை அணுகுதல் வேண்டும். குறி பிழைத்துப் புண்பட்டதோ, புதரில் ஒளிந்து, நெருங்குவாரைக் கோரைப்பற்களால் கிழிக்கும். ஆகவே தோள்வலியினும் பொறுமையும், எய்தபின் விடாது தொடரும் உறுதியுமே இவ்வேட்டைக்கு உயிராவன.

இவ்வருமை கண்டே பழந்தமிழ்ப் புலவர் பன்றியை வில்வன்மைக்கு ஓர் அளவுகோலாக்கினர். கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரியின் அம்பொன்று யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று செறிந்தது எனப் புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் புகழ்கின்றார்.

கல்வெட்டும் இதற்குச் சான்று பகரும். கன்னட நாட்டு ஆதகூரில் கி.பி. 950-ஐ ஒட்டிப் பொறிக்கப்பெற்ற கல்லொன்று, தக்கோலப் போரில் வீரம் விளைத்த மணலேரன், கங்க மன்னன் பூதுகனிடம் காளி என்னும் வேட்டைநாயையே பரிசாக வேண்டிப் பெற்ற செய்தியைக் கூறுகின்றது. அந்நாய் ஒரு பெரும்பன்றியோடு பொருது, அதனைக் கொன்று தானும் மாண்டது. அதன் நினைவாகச் சிவாலயத்தின் முன்னே கல் நாட்டி, வழிபாட்டிற்கு நிலமும் விடுத்தனர். நன்றி மறவாமையன்றோ அறக்கட்டளைகளின் வேர்!

இனிச் சேக்கிழார் காட்டும் வேட்டையைக் காண்போம். இரண்டாம் குலோத்துங்க சோழன் (1133–1150) காலத்தில் எழுந்த பெரியபுராணத்தில், உடுப்பூர்த் தலைவனாகிய நாகன் மூப்பெய்தி வேட்டைக்குச் செல்லாதொழிந்தமையால் விலங்குகள் பெருகிப் புனங்களை அழிக்கின்றன என வேடர் முறையிடுகின்றனர். அவன் மைந்தர் திண்ணனார் கன்னி வேட்டைக்கு எழுகின்றார். ஆகவே அது பொழுதுபோக்கன்று, குடிகாக்கும் கடமையே. வலைகள் கட்டப்படுகின்றன, பறைகள் முழங்குகின்றன, நாய்கள் பாய்கின்றன. அக்கொடுந்தொழிலுள்ளும் ஓர் அறம் நிற்கின்றது: யானைக்கன்றைத் தொடரார், சிறு குருளைகளைக் கொல்லார், கருவுற்றுத் தளர்ந்த பிணைகளை வருத்தார். வேடர்க்கும் வரம்புண்டு என்பதைச் சேக்கிழார் பெருமான் மறவாது உரைத்தருளினார்.

அப்போது ஒரு பன்றி வலையறுத்து ஓடிற்று. திண்ணனார் விடாது பின்தொடர்ந்தார். நாணனும் காடனுமே உடன் ஓடினர். நெடுந்தொலைவு ஓடி இளைத்த பன்றி மலைச்சாரலில் ஒரு மரநிழலில் நின்றது. திண்ணனார் அம்பு தொடாது, அணுகிச் சென்று சுரிகையால் அதனை இரு துண்டமாக்கினார். நீர்வேட்கையால் பொன்முகலியாற்றை நாடியவர் கண்ணிற் காளத்திமலை பட்டது. பன்றியைத் துரத்திவந்தவர் பரமனைக் கண்டார்!

அதன்பின் அவர் கற்ற வேட்டைத் திறமெல்லாம் தொண்டாக மாறிற்று. இரவெல்லாம் வில்லேந்திக் காவல் நின்றார். பகலில் வேட்டையாடி அமுது கொணர்ந்தார். ஆறாம் நாள் இறைவன் கண்ணிற் குருதி பெருகக் கண்டவர், முதலில் வில்லெடுத்துப் பகைவரைத் தேடினார். பின்பு பச்சிலை பிழிந்தார். முடிவில் தம் கண்ணைத் தம் அம்பினாலேயே அகழ்ந்து அப்பினார். விலங்கின்மேற் செல்லப் பழகிய கணை தம்மேலேயே திரும்பியது. பொறுமையும் குறிபிழையாமையும் தொடங்கியதை விடாமையும் வேடரிடத்தும் உண்டு, அடியாரிடத்தும் உண்டு. தன்னையே கொடுத்தல் அடியார்க்கே உரியது.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் உரிய ஆணையின்றிக் காட்டுப்பன்றியை வேட்டையாடுதலைத் தடுத்துள்ள இந்நாளில் நாம் வில்லேந்த வேண்டுவதில்லை. திருக்கோயில் தூண்களில் வில்லும் அம்புமாய் நிற்கும் கண்ணப்பரைக் காணுந்தோறும், நமக்கு வாய்த்த தொழில் எதுவாயினும் அதனை இறைவன் பணிக்கு ஆக்குதல் கூடும் என்பதை உளங்கொள்வோமாக. பொருளீந்தோரும் உழைப்பீந்தோரும் அவ்வன்பில் ஒரு துளியேனும் பெற்று இனிது வாழ, காளத்தியப்பன் திருவருள் முன்னிற்பதாக.