சீனரும் சீட்டும்

பிறப்பைக் கேட்டு மனிதனுக்கு மதிப்பிடுவது நம் நாட்டு நோய் மட்டுமே என்றெண்ணும் தோழர்கள், ஜாவாவின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். நம் முன்னோர் சாவகம் என்றழைத்த அத்தீவில், மனுவைப் படித்தறியாத டச்சுக்காரர் மனுநீதியை மாற்றுக் குறையாமல் நடத்திக் காட்டினர். அதற்கு அவர்களிடம் வாளும் இருந்தது. ஆயினும் வாளைவிட அதிகம் உழைத்த கருவி ஒன்றுண்டு: காகிதச் சீட்டு!

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழைத் தலைநகர் படேவியா, இன்றைய ஜகார்த்தா. அதைச் சூழ்ந்திருந்த கரும்பாலைகளில் உழைத்தவர்கள் சீனர். சர்க்கரை விலை சரிந்தது, ஆலைகள் மூடின, வேலையற்றோர் பெருகினர். கம்பெனி அவர்களைச் சோறு உண்டா என்று கேட்கவில்லை. சீட்டு உண்டா என்று கேட்டது! சீட்டில்லாதோர், ஐயத்திற்குரியோர் எனப்பட்டவர்களைப் பிடித்து இலங்கைக்குக் கப்பலேற்ற 1740 ஜூலையில் ஆணை பிறந்தது. ஏற்றப்பட்டோர் நடுக்கடலில் தள்ளப்படுகின்றனர் என்ற செய்தி பரவிற்று. அஞ்சியவர் ஆயுதம் எடுத்தனர். அக்டோபரில் படேவியாவின் சீனர் வீடு வீடாகத் தேடிக் கொல்லப்பட்டனர். மருத்துவமனையில் கிடந்த நோயாளியும் தப்பவில்லை. சிறைக் கைதியும் தப்பவில்லை. மாண்டவர் பத்தாயிரம் வரை இருக்கலாம் என்பர் வரலாற்றாசிரியர். எஞ்சியோருக்கு மதிலுக்கு வெளியே, குளோடோக்கில் இடம் ஒதுக்கப்பட்டது. ஊருக்கு வெளியே ஒரு சேரி!

கம்பெனி ஒழிந்து டச்சு அரசு வந்தது, சீட்டு ஒழியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்களை மூன்று படிகளில் நிறுத்தினர்: மேலே ஐரோப்பியர், கீழே மண்ணின் மக்கள், இடையே ‘அயல் கீழைநாட்டார்’. சீனரும் அராபியரும், நம் தமிழர் உள்ளிட்ட இந்தியரும் இந்த இடைப்படியில் அடைக்கப்பட்டனர். சீனன் தனக்கென ஒதுக்கிய பகுதியிலேயே குடியிருக்கவேண்டும். வெளியூருக்குச் சரக்கு வாங்கப் போவதென்றாலும் அதிகாரியின் வாயிலில் நின்று வழிச்சீட்டுப் பெறவேண்டும். போய்ச் சேர்ந்த ஊரில் அதைக் காட்டவேண்டும். அவனுடைய பாட்டனுக்குப் பாட்டன் ஜாவாவில் பிறந்தவனாயினும் சட்டத்தின் கண்ணில் அவன் அயலான்தான்.

1899இல் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஜப்பானியர் ஐரோப்பியர் வரிசைக்கு உயர்த்தப்பட்டனர்! நிறம் மாறிற்றா? பிறப்பு மாறிற்றா? ஜப்பானிடம் பீரங்கி இருந்தது. சமநிலையில் ஒப்பந்தம் செய்யும் வலிமை இருந்தது. சீனத்திடம் அன்று அவை இல்லை. மாற்றவே முடியாதது பிறவிப்படி என்று கதைப்போர் இந்த ஒரு நிகழ்ச்சிக்கு விடை கூறட்டும்.

ஜாவாச் சீனர் வாளாவிருக்கவில்லை. 1900இல் படேவியாவில் சங்கம் கண்டனர்; அடுத்த ஆண்டே புதுமுறைப் பள்ளி திறந்தனர். சீன அரசும் விழித்தது. சீனத் தந்தைக்கு எங்கே பிறந்தாலும் பிள்ளை சீனக் குடியே என 1909இல் சட்டமியற்றியது. மறு ஆண்டே டச்சு அரசு, தன் குடியேற்ற நாட்டில் வாழும் பெற்றோருக்கு அங்கே பிறந்தவன் தன் ஆட்சிக்குட்பட்டவன் என்று எதிர்ச்சட்டம் செய்தது. கவனியுங்கள்: ஆட்சிக்குட்பட்டவன், டச்சுக் குடிமகன் அல்லன்! இருவரும் உரிமை கொண்டாடினர். அவனை யாரும் கேட்கவில்லை. வழிச்சீட்டு முறை மட்டும் அந்த ஆண்டுகளில் படிப்படியாகத் தளர்ந்தது.

இரண்டு பிடியையும் உதறியவர் இதழாளர் லியம் குன் ஹியன். பிறந்த மண்ணே எம் நாடு என முழங்கி 1932இல் கட்சி கண்டார். 1945இல் விடுதலைக்கு வழிவகுத்த ஆய்வுக் குழுவில் அமர்ந்தார். அந்த விடுதலை நாட்டின் அரசே 1951இல் அவரைச் சிறையிலிட்டது. உள்ளம் நொந்தவர், தாம் போராடிப் பெற்ற குடியுரிமையைத் துறந்தார். மறு ஆண்டு அயலானாகவே மறைந்தார்.

அவருக்குப் பின்னும் சீட்டு வாழ்ந்தது. சீன வழியினர் மட்டும் தனிக் குடியுரிமைச் சான்று காட்டவேண்டியிருந்தது. கடவுச்சீட்டுப் பெறவும் அதைக் கேட்டனர். 1996இல் அதை நீக்கி ஆணை வந்தும் அலுவலகங்கள் கேட்பதை விடவில்லை. பிறப்பால் இந்தோனேசியர் யார் என்பதற்கு இனத்தைப் பாராத விளக்கம் சட்டத்தில் ஏறியது 2006இல்தான்.