கண்டியில் தூண்டிலும் வலையும்

கண்டி வாவியில் மீன்பிடிக்கத் தடை. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1807இல் அமைத்த இந்த வாவியின் கரையில் மக்கள் மீனுக்குத் தீனி போடுகிறார்கள். வன்னிக் குளங்களில் கறிக்காகத் தூண்டில் போட்டு வளர்ந்த எனக்கு அது விசித்திரமாகவே இருந்தது.

தூண்டில்காரர் போவது மகாவலிக்கும், 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கும்தான். அங்கே இரு கூட்டம். றீல் தூண்டிலோடு வருபவர்களுக்கு அது பொழுதுபோக்கு. சிலர் பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். வள்ளத்தில் போய் வலை விரிப்பவருக்குத் திலாப்பியாதான் சோறு. தின்னாத மீனின் வாயைக் கிழிப்பானேன் என்பது வலைக்காரரின் எண்ணம். குஞ்சையும் சேர்த்து அள்ளுகிறார்கள் என்பது மற்றவரின் முறைப்பாடு. என் மனம் வலைக்காரர் பக்கம். ஆனாலும் சிறுகண் வலையை நியாயப்படுத்த வரமாட்டேன்.

உயிர்க்கொலையை விரும்பாத பௌத்த அயலவர் மூன்றாம் தரப்பு. அவர்கள் தரப்பு எதிர்ப்பினால் 1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கான உதவியையே நிறுத்தியது. 1994இல்தான் மீண்டும் தொடங்கியது.

ஆகவே இங்கு புதிதாக வரும் நம்மவர்கள் விகாரைப் படித்துறைக்கு அருகில் தூண்டில் போடவோ மீன் வெட்டவோ வேண்டாம். இன்னொருவரின் நூலுக்குக் குறுக்கே எறியாதீர்கள். வலை மிதவையைக் கண்டால் தள்ளி நில்லுங்கள். அணைக்கட்டுப் பக்கம் போகவே வேண்டாம். போர்க்காலத்தில் அங்கே நிற்கும் தமிழ்ப் பொடியனிடம் முதலில் அடையாள அட்டையைத்தான் கேட்பார்கள். இன்றும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஆற்றுக்குப் போகிறேன்.