மூர் நிலமும் கடலோரச் சிற்றூர்களும்



நம் பழந்தமிழர் நிலத்தைத் திணைகளாக வகுத்தபோது மண்ணையும் மரத்தையும் மட்டும் எண்ணவில்லை. அந்நிலத்து உணவு, விலங்கு, பறவை, பறை, தொழில் ஆகியவற்றையும் சேர்த்தே கருப்பொருள் என்றனர். மக்கள் செய்யும் தொழிலை விலக்கிவிட்டு நிலத்தைக் காண்பது அரைப் பார்வையே ஆகும். அந்தத் திணைக் கண்ணோடு இன்று நாம் தொலைவிலுள்ள ஒரு நிலத்தைச் சுற்றி வருவோம். அது இங்கிலாந்தின் வடகிழக்கே, யார்க்‌ஷயரில், வடகடலை ஒட்டிக் கிடக்கும் வட யார்க் மூர்ஸ் என்னும் பகுதி.

மூர் என்பது மரமற்ற, காற்று ஓயாத மேட்டுநிலம். அங்கே முழங்கால் உயரமே வளரும் ஹெதர் என்னும் செடி, ஆகஸ்டு மாதத்தில் பூத்துக் குலுங்கும். அப்போது கண்ணுக்கெட்டிய தூரம் வரை மலைமேடு ஊதா நிறமாகிவிடும். நம் குறிஞ்சி பூத்த மலையை நினைத்துக் கொள்ளலாம். ஆனால், குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை பூப்பது. ஹெதரோ ஆண்டுதோறும் பூப்பது. கிழக்கே இம்மேட்டுநிலம் சட்டென்று முடிந்து, செங்குத்தான பாறையாகக் கடலில் இறங்குகிறது. போல்பி என்னுமிடத்தில் அப்பாறையின் உயரம் ஏறத்தாழ 200 மீட்டர். ஆடு மேய்க்கும் முல்லையும் மீன் பிடிக்கும் நெய்தலும் இங்கே தோளோடு தோள் உரசி நிற்கின்றன. 1952ஆம் ஆண்டில் சுமார் 1,400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இங்கு வருவோர் பலரும், "மனிதன் கை படாத இயற்கை!" என்று வியக்கின்றனர். வரலாறு வேறு கதை சொல்கிறது.

மூர் நிலத்துக் கரிமண்ணுக்குள் பழங்காலத்து மகரந்தத் துகள்கள் அழியாமல் புதைந்துள்ளன. அவற்றை ஆராய்ந்தவர்கள், இம்மேடு ஒரு காலத்தில் மரங்கள் அடர்ந்த காடாக இருந்தது என்று கண்டனர். சுமார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன், வெண்கலக் காலத்து மக்கள் உழவுக்கும் மேய்ச்சலுக்கும் அக்காட்டை அழித்தனர். மரம் போனபின் மழை மண்ணின் சத்தைக் கழுவிச் சென்றது. சத்தற்ற மண்ணில் ஹெதர் வேர்விட்டது. பின்னாளில், வேட்டைக்கான கிரவுஸ் பறவைகளுக்கு இளந்தளிர் கிடைக்கும்படி, பழைய ஹெதரைப் பகுதி பகுதியாக எரிக்கும் வழக்கமும் ஏற்பட்டது. மேய்ச்சலும் நெருப்பும் அடியோடு நின்றால், இம்மேட்டின் பல பகுதிகளில் மீண்டும் மரம் தலைதூக்கும்.

இனிக் கடற்கரைக்கு இறங்குவோம். விட்பி என்னும் துறைமுகத்தின் மேலே, பாறை உச்சியில் ஒரு மடத்தின் இடிபாடு நிற்கிறது. கி.பி. 657இல் அங்கே ஹில்டா என்னும் அம்மையார் தலைமையில் துறவியர் மடம் ஒன்று தோன்றியது. ஆண்களும் பெண்களும் இருந்த அம்மடத்தை ஒரு பெண்மணியே ஆண்டார். 664இல் ஈஸ்டர் திருநாளை எந்த நாளில் கொண்டாடுவது என்னும் வழக்கு இங்கேதான் தீர்க்கப்பட்டது. அம்மடத்து மாடுகளை மேய்த்தவர் கேட்மன். விருந்தில் யாழ் தம்மிடம் வரும்போது பாடத் தெரியாமல் எழுந்து போய்விடுவாராம். பின்னர் ஓர் இரவு, கனவில் பாடும் ஆற்றல் பெற்றார் என்று பீட் என்னும் துறவி எழுதி வைத்துள்ளார். பெயர் தெரிந்த ஆங்கிலப் புலவர்களுள் முதல்வர் இம்மாட்டிடையரே.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரைக்குப் படிகாரத் தொழில் வந்தது. துணியில் சாயம் நிலைக்கவும், தோல் பதனிடவும் படிகாரம் வேண்டும். அதுவரை இங்கிலாந்து அதை வெளிநாடுகளிலிருந்தே பெற்று வந்தது. தொழிலாளர் கடற்பாறையை வெட்டி, விறகோடு குவித்து, மாதக்கணக்கில் எரித்தனர். எரிந்த கல்லை நீரில் ஊறவைத்து, அந்நீரைக் காய்ச்சி, கடற்பாசிச் சாம்பலையோ புளித்த சிறுநீரையோ சேர்த்தனர். அச்சிறுநீர் நகரங்களிலிருந்து பீப்பாய்களில் கப்பலேறி வந்தது! ஒரு டன் படிகாரத்துக்குப் பல டன் பாறை வெட்ட வேண்டியிருந்தது. இன்று பயணிகள் படம் எடுக்கும் பாறை முகடுகள் சில, கூலியாட்களின் கடப்பாறை செதுக்கியவை. 1829 டிசம்பரில், கெட்டில்னெஸ் என்னும் சிற்றூர் பாறையோடு சரிந்து கடலில் விழுந்தது. கரைக்கு அப்பால் நின்ற படிகாரக் கப்பலே ஊராருக்கு அடைக்கலம் தந்தது. மலிவான வேறு முறைகள் வந்ததும், 1871இல் இக்கரையின் படிகாரத் தொழில் முடிவுற்றது.

போல்பிக்கு அருகில் ஸ்டெய்த்ஸ் என்னும் மீனவர் சிற்றூர் இருக்கிறது. 1745 வாக்கில் அங்கே ஒரு கடையில் பதின்ம வயதுப் பையன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். கடலோசை அவனைக் கடையில் இருக்கவிடவில்லை. 1746இல் விட்பிக்குச் சென்று, நிலக்கரிக் கப்பலில் தொழில் கற்றான். அவனே பிற்காலத்துக் கேப்டன் ஜேம்ஸ் குக். 1768இல் அவர் உலகம் சுற்றப் புறப்பட்ட 'எண்டவர்' கப்பலும் விட்பியில் நிலக்கரி சுமக்கக் கட்டப்பட்டதே. 1770இல் அது பழுது பார்க்க, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்கு வந்தது. நம் கடலுக்கு அருகே வந்த அம்மாலுமிகளுள் பலர், அங்கே பிடித்த நோய்களால் மாண்டனர்.

குக்கின் பெயர் எல்லாப் பாடநூலிலும் உண்டு. ஸ்டெய்த்ஸ் பெண்களின் பெயர் எந்த நூலில் உண்டு? குளிரில் பாறை இடுக்குகளில் சிப்பி பொறுக்கி, நீண்ட தூண்டில் கயிற்றின் நூற்றுக்கணக்கான முட்களில் இரை கோத்துத் தந்தவர்கள் அவர்களே. அவர்கள் இரை கோக்காவிட்டால் படகு கடலுக்குப் போகாது.

மூர் மேட்டின் நடுவே ரோஸ்டேல் பள்ளத்தாக்கு இன்று அமைதியாகக் கிடக்கிறது. 1861இல் இரும்புக்கல் ஏற்றிச் செல்ல அங்கே ரயில் பாதை வந்தது. சுரங்கம் தேடி வந்தவர்களால் ஊர் நிரம்பி வழிந்தது. 1929இல் ரயில் நின்றது. தண்டவாளம் கிடந்த வழியில் இன்று மக்கள் உலாப் போகின்றனர். போல்பியிலோ தொழில் தொடர்கிறது. 1973 முதல் அங்கே பொட்டாஷ் எடுத்தனர். 2018இல் அது முடிந்து, இப்போது வேறோர் உரக் கனிமத்தை எடுக்கின்றனர். அச்சுரங்கம் 1,000 மீட்டருக்கும் கீழே, கடலுக்கு அடியிலும் நீண்டு செல்கிறது.

நேயர்களே, பொட்டாஷ் உரத்தை நிரைகளில் தூவிய நம் தோட்ட மக்களுக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. நெடுஞ்சாலையில் போகிறவர் நம் பால்மரத் தோட்டத்தையும் பசுமையான காடு என்றே சொல்லிப் போவார். காடழித்தவர், குழிவெட்டிக் கன்று நட்டவர், விடியுமுன் மரம் சீவியவர் எவரும் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. யார்க்‌ஷயரின் ஊதா மேடும் அவ்வாறே ஒரு தொழிற்களம்தான்.

மாணவர்களே, அடுத்த முறை அழகான ஒரு நிலத்தின் படத்தைக் காணும்போது, 'இது எந்த நாடு?' என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 'இதை இப்படி ஆக்கியவர் யார்? அவர்கள் என்ன உண்டார்கள், எங்கே உறங்கினார்கள்?' என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பாட்டியிடம் முதலில் கேட்டுத் தொடங்கலாம், எழுதியும் வைக்கலாம்.