ஐந்தால் வகுபடாத 48

கன்சோல் எனப்படும் விளையாட்டுப் பெட்டிகளுக்காக எழுதப்பட்ட தாள விளையாட்டுகளைக் கணினிக்கும் வெளியிட வேண்டுமா என்ற விவாதம் கால் நூற்றாண்டாக நடந்துகொண்டிருக்கிறது. இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். ஆனால் இசை எந்தப் பெட்டிக்குள் போகிறது, அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி இசைத்தட்டுக் காலத்திலிருந்தே நம்மோடு இருப்பதுதான். இந்த விளையாட்டுகளின் வரலாற்றில் அது மிகச் சிறிய, ஆனால் கறாரான வடிவத்தில் மீண்டும் வருகிறது.

விளையாட்டின் அடிப்படை எளிது. பாட்டு ஒலிக்கும், திரையில் குறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு கோட்டை நோக்கி வரும், குறி கோட்டைத் தொடும் கணத்தில் உரிய பொத்தானை அழுத்த வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் மதிப்பெண் குறையும். சபாவில் தொடையில் தாளம் போடும் ரசிகருக்குப் பக்கத்தில் ஓர் இரக்கமற்ற வாத்தியாரை உட்கார வைத்ததுபோல. ஜப்பானில் 1996இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘பராப்பா தி ராப்பர்’ இந்த வகையின் முன்னோடி. அடுத்து கொனாமி நிறுவனம் கேளிக்கை அரங்குகளுக்காக 1997இல் ‘பீட்மேனியா’வையும், 1998இல் கால்களால் ஆடும் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷ’னையும், 1999இல் ‘கிடார்ஃப்ரீக்ஸ்’ஸையும் இறக்கியது. இவை பின்னர் வீட்டுப் பெட்டிகளுக்கும் வந்தன.

உலகம் முழுவதும் பெயர் வாங்கியது 2005 நவம்பரில் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த ‘கிடார் ஹீரோ’. எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்திலிருந்து வந்த இருவர் தொடங்கிய ஹார்மோனிக்ஸ் அதை உருவாக்கியது. ரெட் ஆக்டேன் வெளியிட்டது. ஐந்து வண்ணப் பொத்தான்கள் கொண்ட பிளாஸ்டிக் கிடார் ஒன்றும் கூடவே வரும். 2006இல் ஆக்டிவிஷன் ரெட் ஆக்டேனை வாங்கியது. மூன்றாம் பாகம் மட்டும் நூறு கோடி டாலர் விற்பனையைத் தாண்டியதாக அந்நிறுவனம் 2009இல் அறிவித்தது. ரெட் ஆக்டேனுக்குச் சென்னையிலும் ஓர் அலுவலகம் இருந்தது என்பது இன்று பலருக்கு நினைவில்லை. சென்னையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களின் ஊர்ப் பாட்டு அந்த விளையாட்டின் பட்டியலில் இல்லை. முழுக்க முழுக்க மேற்கத்திய ராக். குறையாகச் சொல்லவில்லை, அவர்கள் சந்தை அது. இந்தியாவை மனத்தில் வைத்து சோனி 2007இல் கொண்டுவந்தது ‘சிங்ஸ்டார் பாலிவுட்’. அதன் பட்டியல் பம்பாயில் தொடங்கி பம்பாயிலேயே முடிந்தது.

இனி, அந்தப் பெட்டிகள் நம்மிடம் வந்த கதை. பிளேஸ்டேஷன் 3 இந்தியாவில் 2007 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தபோது விலை 39,990 ரூபாய். நான் வசிக்கும் வெள்ளானூர் ஆவடியை ஒட்டிய ஊர். இந்தப் பக்கத்தில் அன்று அந்தத் தொகை, ஒரு குடும்பம் பலமுறை யோசித்து இரு சக்கர வாகனத்துக்குக் கொடுக்கும் தொகை. ரிச்சி தெருவிலிருந்து வந்த பழைய பிளேஸ்டேஷன் 2 அங்கொன்றும் இங்கொன்றும் இருந்தது. எல்லோருக்கும் எட்டியது ஆவடியிலும் அம்பத்தூரிலும் இருந்த பிரவுசிங் சென்டர்களின் கணினிதான். பிறகு 2011 செப்டம்பரில் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டம் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே தொடங்கி வைக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போயின. கன்சோல் ஒருபோதும் நுழையாத வீடுகள் அவற்றில் பெரும்பாலானவை. ஆகவே கணினியில் வெளியிடலாமா என்ற கேள்வி அமெரிக்கர் ஒருவருக்கு, இரண்டு கருவிகளும் கைவசம் இருக்கையில் எது வசதி என்பதாக இருக்கலாம். இங்கே அது தொடுவதா வேண்டாமா என்பது.

வேண்டாம் என்பவர்கள் சொல்லிவந்த காரணங்கள் மூன்று. வாத்தியம் போய்விடும், ஒலி தாமதமாகும், திருட்டுப் பிரதி பெருகும்.

வாத்தியம் போய்விடும் என்பதில் உண்மை இருக்கிறது. பிளாஸ்டிக் கிடாரை மாட்டிக்கொண்டு நிற்பதும் விசைப்பலகையின் முன் குனிந்திருப்பதும் ஒன்றல்ல. ஆனால் இதைச் சொல்பவர்கள் எந்த இசை மரபிலிருந்து பேசுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வெள்ளானூரிலிருந்து கிழக்கே போனால் மணலி வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறப்பதை ஒட்டிய ஆண்டுகளில், அங்கிருந்த முதலியார் குடும்பத்தின் ஆதரவில், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டார். ஐரோப்பியர் நின்றுகொண்டு தாடைக்கும் தோளுக்கும் இடையே பிடிக்கும் வாத்தியம் அது. நம்மவர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து, அதன் தலையைக் கால் பாதத்தில் ஊன்றி, தந்திகளின் சுருதியையும் ஸட்ஜ பஞ்சமமாக மாற்றிக்கொண்டார்கள். இடக்கை வாத்தியத்தைத் தாங்கும் வேலையிலிருந்து விடுபட்டதால் கமகத்துக்கு வேண்டிய நீண்ட இழைவு எளிதாயிற்று. பிடிக்கும் முறை போனதால்தான் இங்கே வயலின் வாழ்ந்தது. மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்ததும், மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளைக் கழற்றிவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளைக் கட்டியதும் இதே வகையான இடமாற்றங்கள். ஒவ்வொன்றின்போதும் இது அந்த வாத்தியமே இல்லை என்று முணுமுணுக்க ஆள் இருந்திருக்கும். முணுமுணுத்தவர்கள் ஒரு வகையில் சரியாகவே சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அது வேறு வாத்தியமாகத்தான் ஆனது.

மேலும் ‘கிடார் ஹீரோ’வின் மூன்றாம் பாகம் 2007லேயே கணினிக்கும் வந்தது; கம்பி இணைப்புள்ள அதே பிளாஸ்டிக் கிடார் கணினியில் செருகி வேலை செய்தது. எனவே வாத்தியத்தைப் பற்றிய வாதம் பாதி அப்போதே முடிந்துபோனது.

தாமதம் கொஞ்சம் நுட்பமான சங்கதி. வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒரு படச் சட்டகம் ஏறத்தாழ 16.7 மில்லிவினாடி. கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் இந்த அளவிலான பிசகை உணர்கிறார்கள். ஒரே மாதிரி அமைந்த பெட்டியில் தாமதத்தைக் கணிப்பது சுலபம். ஆளுக்கொரு விதமான கணினியில் சிரமம். ஆனால் ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே கிட்டத்தட்ட 3 மில்லிவினாடி பிடிக்கிறது. கோயில் வெளிப் பிரகாரத்தில் இருபது மீட்டர் தள்ளி நின்று தவில் கேட்பவரிடம் ஒவ்வொரு அடியும் 58 மில்லிவினாடி பிந்தியே வந்து சேர்கிறது. யாரும் புகார் சொன்னதில்லை. மாறாத தாமதத்துக்குக் காதும் கையும் பழகிக்கொள்ளும். மென்பொருளும் அதைக் கழித்துக்கொள்ளும். முன்பின் மாறிக்கொண்டே இருக்கும் தாமதம்தான் ஆளைக் கொல்லும். அதற்கு மருந்து நல்ல நிரல்.

நிறுவனங்கள் யோசித்துக்கொண்டிருக்கையில் ரசிகர்கள் வேலையை முடித்துவிட்டார்கள் என்பதே இந்த வரலாற்றின் சுவையான பகுதி. பீட்மேனியா வந்த மறு ஆண்டே, 1998இல், ஜப்பானிய ரசிகர் ஒருவர் அதைப் போன்ற ‘பி.எம்.98’ஐக் கணினிக்கு எழுதினார். கொரியாவில் தெருவுக்குத் தெரு இருந்த கணினி மையங்களில் விசைப்பலகையால் ஆடும் ‘ஓ2ஜாம்’ வேரூன்றியது. நடன விளையாட்டைப் பின்பற்றி 2001இல் ‘ஸ்டெப்மேனியா’ பிறந்தது. அதன் மூல நிரல் எவரும் எடுத்துத் திருத்தக்கூடியது. 2006இல் பின்லாந்துக் குழு ஒன்றின் ‘ஃப்ரெட்ஸ் ஆன் ஃபயர்’ வந்தது. அதில் விசைப்பலகையையே தூக்கிக் கிடார்போலப் பிடித்துக்கொள்ள வேண்டும். வயலினைப் பாதத்தில் ஊன்றியவர்களுக்கு இதன் அருமை புரியும். நின்டெண்டோவின் கையடக்கக் கருவிக்கு 2005இல் வந்த ஓர் உற்சாகக் குழு விளையாட்டைத் தழுவி, டீன் ஹெர்பர்ட் என்பவர் 2007இல் கணினிக்கு ‘ஓசு’வைச் செய்தார். மூல விளையாட்டை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். ஓசுவோ இன்றும் ஆடப்படுகிறது.

இவை அனைத்துக்கும் பொதுவான ஓர் அம்சம் உண்டு. பாட்டை ஆட்டக்காரரே சேர்க்கலாம். ஒலிக்கோப்பு ஒன்று, எந்தக் கணத்தில் எந்தக் குறி என்று எழுதிய குறிப்புக் கோப்பு ஒன்று, இவ்வளவே தேவை. கன்சோல் வட்டு மூடப்பட்ட பட்டியல். நம் பாட்டு அதில் இல்லையென்றால் இல்லைதான். கணினியில் ஒரு பள்ளி மாணவன் தனக்குப் பிடித்த தமிழ்ப் பாட்டுக்கு ஒரே இரவில் குறிப்பு எழுதிவிட முடியும்.

அப்படி எழுத உட்காரும்போதுதான் அந்த எண் எதிர்ப்படுகிறது. ஸ்டெப்மேனியா ஓர் அட்சரத்தை 48 படிகளாகப் பிரிக்கிறது. குறியை ஏதாவது ஒரு படியில்தான் வைக்க முடியும். 48 இரண்டால், மூன்றால், நான்கால், எட்டால், பன்னிரண்டால், பதினாறால் வகுபடும். ஆக, சதுஸ்ரமும் திஸ்ரமும் கச்சிதமாக உட்காரும். ஐந்தாலும் ஏழாலும் ஒன்பதாலும் வகுபடாது. தகதகிட என்ற கண்ட நடையை ஓர் அட்சரத்துக்குள் வைத்தால் தட்டுகள் 0, 9.6, 19.2, 28.8, 38.4 ஆகிய இடங்களில் விழ வேண்டும்; நிரல் அவற்றை 10, 19, 29, 38 என்று நகர்த்திவிடும். நிமிடத்துக்கு 60 அட்சரம் என்ற விளம்பத்தில் இந்த நகர்வு அதிகபட்சம் 8 மில்லிவினாடிக்குச் சற்றே மேல். மிஸ்ரத்தில் 9ஐ நெருங்கும். காதுக்கு இது பெரும்பாலும் எட்டாது, மதிப்பெண்ணும் பறிபோகாது. கண்ணுக்குத்தான் தெரியும். அம்புக்குறிகளுக்கு அவற்றின் கால்பகுதி, அரைக்கால் நிலையைப் பொறுத்து நிறம் தரும் வழக்கம் அந்த விளையாட்டில் உண்டு. கண்ட நடையின் முதல் தட்டுக்கு உரிய நிறம் கிடைக்கிறது. மற்ற நான்கும் எந்த வகையிலும் சேராதவற்றுக்கென்று ஒதுக்கிய கடைசி வகுப்பில் விழுகின்றன. அரசாங்கப் படிவத்தில் ‘இதர’ என்றொரு கட்டம் இருக்குமே, அதுபோல.

சுற்றுவழி உண்டு. வேகத்தை 60க்குப் பதில் 75 என்று பொய்யாக அறிவித்தால் அதே கண்டத் தட்டுகள் நால்பகுப்பில் சரியாக விழும். ஆனால் அப்போது எட்டு அட்சர ஆதிதாளம் பத்து அட்சரமாகி, திரையின் கணக்கில் இரண்டரைச் சட்டகம் நீளும். சமம் ஓர் ஆவர்த்தனத்தில் கோட்டிலும் அடுத்ததில் நடுவழியிலும் வரும். லயம் தெரிந்தவருக்கு இது அரோசகம். ஓசு இந்தச் சிக்கலில் மாட்டவில்லை. அது குறிகளை மில்லிவினாடிக் கணக்கில் பதிகிறது. ஆக, 48 என்பது இயந்திரம் விதித்த எல்லையன்று, ஒருவருடைய காது கேட்டுப் பழகிய இசையின் எல்லை. கன்சோல் வட்டுகளுக்குள்ளும் இப்படி ஏதோ ஓர் எண் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க நமக்கு வழியில்லை.

திருட்டுப் பிரதி என்ற மூன்றாவது காரணத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். ரசிகர்கள் பரிமாறிக்கொள்ளும் கோப்புகளில் பெரும்பாலானவை உரிமை பெறாத ஒலிப்பதிவுகள். இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் தங்கள் ராயல்டி உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி 2012இன் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் பாதுகாப்பளித்தது. தன் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடியதற்காக இளையராஜா 2017இல் எஸ்.பி.பி.க்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதை மறந்திருக்க மாட்டோம். அன்று பலரும் கோபப்பட்டார்கள். சட்டம் கேட்ட கேள்வி அந்தக் கோபத்தைவிடப் பெரியது. என் பார்வையில் இது கணினிப் பதிப்புக்கு எதிரான வாதமே அன்று. முறையான வெளியீடும், பாட்டைச் சேர்ப்பவர் கட்டணம் செலுத்தும் வழியும் இருந்தால், கலைஞனுக்கு ஏதாவது போய்ச்சேரும். இல்லாத இடத்தில் ஒன்றும் போவதில்லை, ஆட்டம் மட்டும் நடக்கிறது.

அந்த வழியை ஹார்மோனிக்ஸ் ஒருமுறை எண்ணிப் பார்த்தது. 2016 மார்ச்சில் ‘ராக் பேண்ட் 4’ஐக் கணினிக்குக் கொண்டுவர ரசிகர்களிடம் 15 லட்சம் டாலர் திரட்ட முயன்றது, ஆட்டக்காரர்களே பாடல்களை ஆக்கிச் சேர்க்கும் வசதியும் திட்டத்தில் இருந்தது. பாதியைச் சற்றே தாண்டியதோடு முயற்சி நின்றது. பின்னாளில் பிற நிறுவனங்கள் கணினிக்கு வந்தன. சேகாவின் ஹட்சுனே மிகு விளையாட்டு 2022இல் வந்தது. நல்ல பதிப்பு, ஆனால் நிறுவனம் தரும் பட்டியல்தான் பட்டியல். பெட்டி மாறியது, பூட்டு மாறவில்லை. இதைப் பாதி வெளியீடு என்றே சொல்வேன்.

ஆடி மாதத்தில் எங்கள் பக்கத்து அம்மன் கோயில்களில் பம்பையும் உடுக்கையும் ஒலிக்கும். அதற்கு ஒருவர் குறிப்புக் கோப்பு எழுத விரும்பினால் என்ன செய்யலாம்? ஸ்டெப்மேனியாவின் நிரலைத் திறந்து 48ஐ மாற்றலாம். 48, 5, 7, 9 ஆகிய அனைத்தாலும் வகுபடும் மிகச் சிறிய எண் 5040. தன் இலட்சிய நகரத்துக் குடும்பங்களை எப்படிப் பங்கிட்டாலும் மிச்சம் வரக்கூடாது என்று பிளேட்டோ ‘சட்டங்கள்’ நூலில் தேர்ந்துகொண்டதும் இதே எண்தான். கோப்பு சற்றுப் பெரிதாகும். பழைய குறிப்புகளைப் படிக்கும்போது ஒவ்வொரு படி எண்ணையும் 105ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 48 படியில் எழுதப்பட்ட எந்தப் பாட்டிலும் ஒரு குறிகூட இடம் நகராது.