பத்து டாலர் வழக்குரைஞர்

போரில் பட்ட காயத்தை விழுப்புண் என்று போற்றுவது நம் இலக்கிய மரபு. அது போரில் பட்டதுதான் என்று அலுவலக மேசைமுன் நின்று மெய்ப்பிக்க வேண்டிய நிலை பிற்கால வீரனுக்கு வாய்த்தது. அமெரிக்காவில் இவ்வழக்கு நாம் எண்ணுவதைவிடப் பழையது.

விடுதலைப் போரில் ஊனமுற்றோரின் ஓய்வூதிய மனுக்களை விசாரிக்கும் பணியை 1792இல் அந்நாட்டு நாடாளுமன்றம் நீதிபதிகளிடம் ஒப்படைத்தது. அவர்களுள் பலர் மறுத்தனர். தாம் அளிக்கும் முடிவைப் போர் அமைச்சர் நிறுத்திவைக்க முடியுமெனில் அது தீர்ப்பாகாது என்பது அவர்கள் வாதம். சிலர் மட்டும், நீதிபதிகளாக அன்றி ஆணையர்களாக அமர்ந்து மனுக்களைப் பார்த்தனர். மறுஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. கொள்கையளவில் மறுத்தவர்கள் பக்கமே நியாயம். காத்திருந்த முடவனுக்கோ அது வயிற்றுப்பாடு.

உள்நாட்டுப் போர் மனுக்களைப் பெருக்கியது, தரகர்களையும் பெருக்கியது. வீரனின் பணத்தைத் தரகர் விழுங்காதிருக்க, ஒரு மனுவுக்குப் பத்து டாலருக்கு மேல் கூலி வாங்கலாகாது என்று 1864இல் விதித்தனர். நல்லெண்ணந்தான். ஆனால் விலைவாசி ஏற ஏற, அந்தப் பத்து டாலர் மட்டும் நூறாண்டுக்கு மேலும் அசையாமல் நின்றது. 1933இல் மேல்முறையீட்டு வாரியம் ஒன்று பிறந்தது. அதுவும் மறுத்த துறைக்குள்ளேயே. கீழ்த்தளத்தில் மறுக்கப்பட்டவன் அதே வீட்டின் மாடிக்கு ஏறி முறையிட வேண்டும். வாரியத்தின் முடிவை எதிர்த்து நீதிமன்றம் செல்லவும் வழியில்லை.

அணுகுண்டுச் சோதனைகளில் கதிர்வீச்சுக்கு ஆளான வீரர்களின் நோய்க்கு அறிவியல் சான்று தேடிப் பத்து டாலருக்கு எந்த வழக்குரைஞர் உழைப்பார்? இக்கேள்வி 1985இல் உச்சநீதிமன்றத்தை எட்டியது. இது எதிரெதிரே நின்று வழக்காடும் களமன்று, துறையே மனுதாரருக்குத் துணைநிற்கும் என்று கூறி, பெரும்பான்மை நீதிபதிகள் பழைய வரம்பையே நிலைநிறுத்தினர். முன்னாள் வீரர் சங்கங்கள் கட்டணமின்றி உதவிவந்தன என்பது மெய்யே. ஆயினும் தன் வழக்குரைஞரைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை நாட்டிற்காக நோயுற்றவனுக்கு இல்லாமற்போனதை நம்மால் ஏற்க இயலவில்லை.

1988 நவம்பரில் ரீகன் கையொப்பமிட்ட சட்டத்தால் இவ்வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றம் அமைந்தது. கூலி வரம்பும் தளர்ந்தது. 1990இல் கில்பர்ட் வழக்கில் அம்மன்றம் பேஸ்பாலை உவமை காட்டியது: பந்தும் ஓட்டக்காரனும் ஒரே கணத்தில் வந்தால் ஓட்டக்காரனுக்கே சாதகம். சான்றுகள் ஏறக்குறையச் சமமாயின் ஐயத்தின் பயன் வீரனுக்கே. தக்க காரணம் எழுதாமல் மறுத்திருந்த வாரியத்துக்கே அவ்வழக்கு மறுபடியும் திருப்பி அனுப்பப்பட்டது.