பெட்டியும் துண்டும்: கோலசிலாங்கூர்த் தோட்டத்தாரின் பயண உடை

மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்ப் பாட்டாளிகளைப் பற்றி எழுதுவோர் பலரும், அவர்கள் கட்டிய துணியோடு வந்தனர் என்று ஒரு வரியில் சொல்லி மேலே சென்றுவிடுகின்றனர். இரங்கத்தக்க வரிதான், ஆயினும் அது முழு உண்மையன்று. கட்டிய துணி எத்தகையது, மாற்றுத் துணி எது, எதனை எதற்குப் பயன்படுத்தினர் என்று கேட்கத் தொடங்கினால், அந்தச் சிறு மூட்டைக்குள் ஒரு சிறந்த திட்டம் இருந்தமை புலனாகும்.

துணி, துண்டு, அறுவை ஆகிய மூன்று சொற்களும் வெட்டி எடுத்தல் என்னும் பொருளில் பிறந்தவை. தறியிலிருந்து அறுத்தெடுத்த நிலையிலேயே அணியப்படுவது நம்மவர் உடை. தையல் ஏறாத துணிக்கு ஒரே வேலை என்னும் கட்டுப்பாடு கிடையாது. தோளில் கிடக்கும் துண்டு வெயிலில் தலைப்பாகையாகும், குளித்தால் துவட்டும், அரிசி வாங்கினால் மூட்டையாகும், இரவில் தலையணை உறையாகும். பழஞ்சேலை தூளியாகும், திரையாகும், கிழிந்த பின் பிள்ளைத் துணியாகும். இரண்டு வேட்டியும் இரண்டு துண்டும் கொண்டு புறப்பட்டவன் ஒன்றுமில்லாதவன் போலத் தோன்றலாம். தைத்த உடைகளால் பெட்டியை நிரப்பிய துரைமகனுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை என்பதையும் நோக்க வேண்டும்.

இந்தப் பயணத்துக்குத் தோட்டங்களைவிட மூத்த வரலாறு ஒன்று உண்டு. மலாய்க்காரர் கட்டும் கட்டம்போட்ட கைலிக்கு அவர்கள் மொழியில் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடே. ஒல்லாந்தர் 1613இல் அங்கே கெல்டிரியாக் கோட்டையைக் கட்டிச் சோழமண்டலத் துணிகளைக் கீழ்த்திசைக்கு ஏற்றினர். பின்னர்த் தங்கள் தலைமை இடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். அதே ஒல்லாந்தக் கும்பினியார் 1784இல் கோலசிலாங்கூரின் மேலாவாத்திக் குன்றைச் சுல்தான் இப்ராகிமிடமிருந்து கைப்பற்றினர். மறு ஆண்டே இழந்தனர். பழவேற்காட்டுத் துணியும் பழவேற்காட்டை ஆண்ட கும்பினியும் இந்த ஆற்றுமுகத்துக்கு வந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பிறகே தோட்டத் தமிழர் வந்தனர். சொற்களும் அவ்வாறே கடல் கடந்தன. பெட்டி மலாயில் 'பெத்தி' ஆயிற்று. கப்பல் 'கப்பால்' ஆயிற்று. எதிர்த்திசையில் 'சாரோங்' சென்று, தென்பாண்டி நாட்டிலும் ஈழத்திலும் 'சாரம்' என வழங்குகிறது. ஆகவே கைலி கட்டிய தோட்டத் தமிழனை மலாய் உடைக்கு மாறியவன் என்று கூறுவது பொருந்தாது. தன் கரையிலிருந்து சென்ற துணியைத்தான் அவன் இங்கே திரும்பக் கட்டினான்.

1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய வரியால் பாட்டாளிகளின் கப்பற் செலவு நடந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட, கங்காணி முறை ஓங்கியது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. நாகையில் கப்பல் கரையை அணுகாது; படகில் சென்றே ஏறவேண்டும். அலையில் ஆடும் படகிலிருந்து கப்பலுக்கு ஏற்றக்கூடிய சுமை எவ்வளவோ அவ்வளவே சுமை. ஆதலால் முதன்முறை வந்தோர் கொணர்ந்தது பெரும்பாலும் துணிமூட்டையே. தகரப் பெட்டி, ஊருக்குப் போய்வரும் அளவுக்குக் கையில் காசு சேர்ந்த பிறகு வாய்த்த பொருள். மேல்தளத்தில் பாய் விரித்து ஐந்தாறு நாட்கள் கிடப்போருக்கு மாற்றுக் கைலியும் போர்வையும் பெட்டியின் மேலடுக்கில் இருக்க வேண்டும். நல்ல வேட்டியும் சேலையும் அடியில் இருக்க வேண்டும். பினாங்கில் ஜெரெஜாக் தீவிலோ, போர்ட் சுவெட்டன்ஹாமிலோ தடைகாப்பு முகாம் காத்திருந்தது.

தோட்டத்துக்கு வந்த பின் உடை இரண்டாகப் பிரிந்தது. வெட்டுக்காட்டு உடை ஒன்று. வெளியூர் உடை ஒன்று. ரப்பர்ப் பால் துணியில் பட்டுக் காய்ந்தால் கருத்துவிடும். எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. ஆகவே பெண்கள் பழஞ்சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை அணிந்து, தலையில் துண்டு கட்டி, விடியற்காலைப் பெரட்டுக்குச் சென்றனர். பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கோனியே மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தார். தமிழில் தென்னையின் பெயர் தாங்கிய தோட்டத்தில் செம்பனை வளர்ந்தது ஒரு வேடிக்கை. பாற்கறையோடு எண்ணெய்க் கறையும் பனைமுள்ளும் துணிக்குப் பகையாயின.

வெளியூர் உடையோ பெட்டியைவிட்டு எளிதில் இறங்காது. தைப்பூசத்துக்குப் பத்துமலை செல்லும்போது அது வெளிவரும். லாரியில் நெருக்கி நின்று போகும் குடும்பத்துக்கு ஒரே பைதான். ஆற்றில் குளிக்க ஒன்று, மலையேற ஒன்று. குளித்த சேலையின் ஒரு முனையை ஒருத்தி பிடிக்க, மறுமுனையை மற்றொருத்தி பிடித்து வெயிலில் உலர்த்துவர். அதுவே இரவில் பிள்ளைகளுக்குப் போர்வை. மறுநாள் கோலாலம்பூர் பத்து ரோட்டுக் கடைகளைச் சுற்றிவரவும் அந்த இரண்டே போதும்.

நல்ல உடை உடுத்து நிமிர்ந்து நடப்பதும் ஒரு காலத்தில் வழக்காயிற்று என்பதை மறத்தலாகாது. 1941இல் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதனும் பிறரும் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு மற்றொன்றும் கேட்கப்பட்டது: துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கும் கட்டாயம் ஒழியவேண்டும் என்பது. தொழிலாளருள் பலர் காந்திக் குல்லாய் அணியத் தலைப்பட்டனர். நிருவாகத்தார் அதனை வெறும் துணியாகக் கருதவில்லை. மே மாதம் நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆண்டு முடியுமுன் ஜப்பானியர் வந்தனர். துணி வரத்து நின்றது. சாக்கும் ரப்பர்த் தாளும் உடையாயின. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டோரில் பலர் கோவணத்தோடு உழைத்து மடிந்தனர். கட்டிய துணியோடு என்னும் சொல் எழுத்துப்படி பொருந்துவது அந்தக் காலத்துக்கே.

போருக்குப் பின் பெட்டி கனத்தது. ஊருக்குச் செல்வோர் நைலான் சேலையும் கைலியும் கோடாலித் தைலமும் டார்ச்சு விளக்கும் அடுக்கினர். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் அவற்றைச் சுமந்தது. ஆனால் 1968ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை உரிமச் சீட்டைக் கட்டாயமாக்கியதும் பெட்டிக்கு வேறு வேலை வந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நாட்டைவிட்டுச் சென்ற இந்தியத் தொழிலாளரும் குடும்பத்தாரும் ஏறத்தாழ 60,000 பேர் என்பர். திரும்பி வரும் பயணத்துக்கு எதை விட்டுச் செல்வது என்று எண்ணி அடுக்கலாம். திரும்பாத பயணத்துக்கு அவ்வாறு அடுக்க இயலாது. சாமி படம், பிறப்புச் சூதகப் பத்திரம், பித்தளைக் குடம் எல்லாம் சேலைகளுக்கு நடுவே புகுந்தன. குடம் நசுங்காமல் காத்தது வேட்டி.

ரஜூலாவுக்குப் பின் 'சிதம்பரம்' ஓடியது. 1985இல் நடுக்கடலில் அது தீப்பற்றியதோடு கப்பற் பயணமும் முடிந்தது. இன்று கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நான்கு மணி நேரத்தில் பறக்கும் மலிவு விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோ அளவு. தென்னமரத்துப் பேரப்பிள்ளைகள் அதிலும் ஒரு கைலிக்கும் ஒரு துண்டுக்கும் இடம் ஒதுக்கித்தான் வைக்கின்றனர்.