இறைக்கொள்கை ஒப்பீடு: இஸ்லாமும் பிற சமயங்களும்

இஸ்லாத்தின் இறைக்கோட்பாட்டைப் பிற சமயங்களின் கோட்பாடுகளோடு வைத்து ஆராயும் அறிவுத்துறை. இஸ்லாத்தில் இதன் மையம் தவ்ஹீது எனும் ஓரிறைக் கொள்கை. பிறப்பும் நிகரும் இல்லாத ஒரே இறைவனைத் திருக்குர்ஆனின் 112ஆம் அத்தியாயம் நான்கே வசனங்களில் வரையறுக்கிறது. யூத சமயத்தின் இறைக்கொள்கை இதற்கு மிக நெருக்கமானது. கிறித்தவத்தின் திரித்துவமும், இந்தியச் சமயங்களின் அவதாரக் கொள்கையும் உருவ வழிபாடும் விவாதத்துக்குரிய வேறுபாடுகள்.

தொடக்கம்: கிழக்குத் திருச்சபைத் தலைவர் முதலாம் திமோத்தேயு, 781ஐ ஒட்டி அப்பாசிய கலீஃபா அல்மஹ்தியுடன் சமயம் குறித்து உரையாடினார். சமஸ்கிருதம் கற்ற முஸ்லிம் அறிஞர் அல்பிரூனி, 1030 அளவில் இந்தியாவைப் பற்றி அரபியில் எழுதினார். இந்துக்களுள் கற்றோர் உருவமற்ற ஒரே பரம்பொருளை நம்புவதையும் பொதுமக்கள் திருவுருவங்களை வணங்குவதையும் அவர் பிரித்துக் காட்டினார்.

முகலாயர் காலம்: சான்றுகள் மிகுந்த காலம் இது. அக்பர் 1575இல் ஃபத்தேபூர் சிக்ரியில் இபாதத் கானா என்னும் விவாத மண்டபத்தைக் கட்டினார். அது நின்ற இடம் எது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்தொற்றுமை இல்லை. முதலில் இஸ்லாமிய அறிஞர்கள் மட்டுமே கூடினர். பின்னர் பார்சிகள், சமணர், பிராமணர், கிறித்தவர் என அனைவரும் அழைக்கப்பட்டனர். 1580இல் வந்த இயேசு சபைக் குருக்கள் பன்மொழி விவிலியத்தைப் பரிசளித்தனர். அக்பர் அதன் தொகுதிகளை முத்தமிட்டுத் தலைமேல் வைத்துக்கொண்டார் என்கிறது அவர்களின் குறிப்பு. ஆயினும் திரித்துவத்தை அவர் ஏற்கவில்லை. தேவி என்ற பிராமணரை இரவில் கயிற்றுக்கட்டிலில் அமர்த்தி, மதில் வழியே அரசரின் மாடத்தருகே தூக்கி நிறுத்தி, இந்து சமய விளக்கம் கேட்கப்பட்டதாக அரசவை வரலாற்றாசிரியர் பதாவுனி எழுதுகிறார். அவர் அக்பரின் போக்கைக் கடுமையாக எதிர்த்தவர் என்பதை மனத்தில் கொண்டே அவரது கூற்றுகளைப் படிக்க வேண்டும். அக்பர் உருவாக்கிய தீன் இலாஹி ஒரு தனிச் சமயமா, அரசர்பால் பற்றுக்கொண்டோரின் சிறு குழுவா என்பது முடிவுறாத விவாதம்.

பிற்கால முகலாய இளவரசர் தாரா ஷிகோ 1655இல் சூஃபி, வேதாந்தக் கருத்துகளை ஒப்பிட்டு ‘மஜ்மவுல் பஹ்ரைன்’ எழுதினார். 1657இல் காசிப் பண்டிதர்களின் துணையோடு ஏறத்தாழ 50 உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்தார்; திருக்குர்ஆன் குறிப்பிடும் மறைவான நூல் இவையே என்றும் கருதினார். 1659இல் கொல்லப்பட்டார். சமய விலகல் என்பது சாட்டப்பட்ட குற்றம். அரியணைப் போட்டியே உண்மைக் காரணம் என்போரும் உளர். அவரது மொழிபெயர்ப்பைத் தழுவிய லத்தீன் பதிப்பு, 1801–02இல் உபநிடதங்களை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியது.

தமிழகம்: சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு, சைவ ஞானி தாயுமானவரைப் போலவே இறைவனைப் ‘பராபரமே’ என விளித்துப் பராபரக்கண்ணி பாடினார்.

அண்மைக்காலம்: முஸ்லிம்கள் ஒரே இறைவனை வணங்குவோர் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மதிப்புடன் அறிவித்தது. 2007இல் 138 முஸ்லிம் அறிஞர்கள், இறையன்பும் பிறரன்பும் இரு சமயங்களுக்கும் பொது எனக் கூறி, கிறித்தவத் தலைவர்களுக்குப் பொதுமடல் எழுதினர்.

மதிப்பீடு: பிற சமயத்தை அதன் சொந்த நூல்களிலிருந்தே கற்று, உடன்படாத இடத்திலும் திரிக்காமல் எடுத்துரைத்ததால், இத்துறைக்கு வருவோர் முதலில் படிக்கத்தக்கது அல்பிரூனியின் நூலே.